வரிசையில் எட்டாவது இதயம்

திண்டுக்கல் சமவெளி மெய்நிகர் இதய மருத்துவக் கூட்டமைப்புக்குக் கட்டடம் கிடையாது. மெய்நிகர் என்றால் அதுதான் அர்த்தம் என்று முகமது பாரூக் முதல் கூட்டத்திலேயே விளக்கிச் சொல்லியிருந்தான். எட்டு ஊர்களில் எட்டு ஆஸ்பத்திரிகள் அவரவர் இடத்தில் அப்படியே இருக்கும். நடுவே ஓடுகிற கேபிளும் கம்ப்யூட்டரும்தான் அமைப்பு. சேர்ந்து உட்கார ஒரு நாற்காலிகூட வாங்க வேண்டாம். எல்லோரும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்கள். கேட்டு முடித்துவிட்டு, முதல் தீர்மானமாக ஒரு கல்வெட்டுக்கு ஆர்டர் கொடுத்தார்கள்.

கருப்பு கிரானைட், தங்க எழுத்து. பதிக்கச் சுவர் இல்லாததால் தலைவர் டாக்டர் பாண்டியராஜின் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே அறை வாசலில் சாய்த்து வைத்திருந்தார்கள். எக்ஸ்ரே எடுக்க வருகிறவர்கள் அதைப் பிடித்துக்கொண்டு செருப்பைக் கழற்றினார்கள்.

பாரூக்குக்குத் திண்டுக்கல் பேகம்பூரில் சின்னக் கடை. ஊரில் பாதி ஆஸ்பத்திரிகளுக்குக் கேமராவும் நெட்வொர்க்கும் போட்டவன் அவன்தான். கூட்டமைப்பின் தொழில்நுட்பம் முழுவதும் அவன் தலையில் வந்து விழுந்தது. அழைப்பிதழில் அவனுக்கு 'தலைமைக் கட்டமைப்பு வடிவமைப்பாளர்' என்று போட்டிருந்தார்கள். அவன் மனைவி நஸீரா அதை ரெண்டு தடவை படித்துவிட்டு, "கொத்தனார் வேலையும் பாக்கிறீங்களா?" என்று கேட்டாள்.

இதற்கெல்லாம் முன்னால் இந்த எட்டு ஊர்களும் ஒரு வாட்ஸ்அப் குரூப்பில் இருந்தன. 'இதய நண்பர்கள்' என்று பெயர். நெஞ்சுவலி என்று யாராவது வந்தால் அந்த ஊர் டாக்டர் இ.சி.ஜி. எடுத்து, அந்தத் தாளைப் போனில் படம்பிடித்துப் போடுவார். திண்டுக்கல்லில் இருக்கும் இதய மருத்துவர் கௌசல்யா பார்த்துவிட்டு, மாரடைப்பா வாய்வா, ஊசி போடணுமா வீட்டுக்கு அனுப்பலாமா என்று இரண்டு வரியில் பதில் எழுதுவார். காய்கறிக் கடையில் நின்றபடி பதில் போட்டிருக்கிறார். மகளின் பள்ளி ஆண்டு விழாவில், மகள் மேடையில் ஆடிக்கொண்டிருக்கும்போதே போட்டிருக்கிறார். காலை வணக்கப் படங்களுக்கும் பிறந்தநாள் கேக்குகளுக்கும் நடுவே ஆட்கள் பிழைத்துக்கொண்டிருந்தார்கள்.

குறை இல்லாமல் இல்லை. படம் மங்கலாக வரும். யாராவது தீபாவளி வாழ்த்து அனுப்பினால் இ.சி.ஜி. மேலே போய்ப் புதைந்துவிடும். அதனால்தான் பாரூக் மனசார அந்த வேலையை எடுத்துக்கொண்டான். பெரிய டாக்டர்களுக்கு வேறொரு குறை தெரிந்தது. அந்தக் குரூப்பை யாரும் திறந்து வைக்க முடியாது. ரிப்பன் கட்ட அதில் இடமில்லை.

பாரூக் கட்டியது நல்ல ஏற்பாடுதான். இ.சி.ஜி. மெஷினே படத்தை நேராக அனுப்பிவிடும். தாள் வராது, போட்டோ எடுக்கிற வேலை இல்லை. அவசரம் என்றால் டாக்டர் சிவப்புப் பொத்தானைத் தட்டலாம். சிவப்பு தட்டியது கௌசல்யாவின் திரையில் எல்லாவற்றுக்கும் மேலே போய் நிற்கும். சோதித்துக் காட்டுவதற்காகத் தலைவரின் அறையில் கூட்டம் போட்டார்கள். கேசரியும் போண்டாவும் வந்தன. திரையில் பச்சையும் மஞ்சளுமாகப் பெயர்கள் ஓடிக்கொண்டிருந்தன. கடைசியாகச் சேர்ந்த தொப்பம்பட்டியிலிருந்து ஒரு சிவப்பு வந்து உச்சியில் உட்கார்ந்தது.

பழனி டாக்டர் விக்னேஷ்குமார் கேசரி ஸ்பூனைக் கீழே வைத்தார்.

"ஏனுங்க பாரூக், தொப்பம்பட்டி எப்படீங்க எனக்கு மேல நிக்குது?"

"சிவப்பு சார். அவசரம்னா மேல வரும்."

"அவசரம் எல்லாருக்கும் வர்றதுதானுங்க. வரிசைன்னு ஒண்ணு வேண்டாமா? நேத்து சேர்ந்த ஊரு. வாடகைக் கட்டடத்துல ரெண்டு ரூமு. அது எனக்கு மேல நின்னா என்னை என்னன்னு நெனைப்பாங்க?"

"வெளி ஆளுக யாரும் இதைப் பாக்க மாட்டாங்க சார். மேடம் மட்டும்தான் பார்ப்பாங்க."

"நான் பாக்கறனல்லங்க."

அகரம் டாக்டர் சுருளிவேல் வயதில் மூத்தவர். போண்டாவைத் தட்டிலேயே வைத்துவிட்டு அவர் சொன்னார்: "எங்க ஊர்த் தேருக்கு மொத வடம் தொடுறது எங்க குடும்பம். கலெக்டரே வந்தாலும் எங்களுக்கு அப்புறம்தேன். இங்க என்னன்னா கலரைப் பார்த்து ஏத்தி எறக்குறீங்க."

இந்தப் பக்கத்தில் கோயில் கொடியேறினால் யாருக்கு முதல் மரியாதை, யாருக்கு இரண்டாவது என்பதில் ஒரு படி மாறக்கூடாது. மாறினால் தேர் நின்றுவிடும். நடுவழியில் நின்ற தேரை நகர்த்த ஆர்.டி.ஓ. வந்து உட்கார்ந்த ஊர்களெல்லாம் உண்டு. இந்த டாக்டர்கள் சிங்கப்பூர், வியன்னா என்று மாநாடு போய் வந்தவர்கள்தான். அங்கேயெல்லாம் டோக்கன் வாங்கிக்கொண்டு வரிசையில் நின்று காபி குடித்தவர்கள்தான். ஆனாலும் நமக்கென்று ஒரு அமைப்பு வந்தபோது, தெரிந்த வழி எதுவோ அதைத்தான் கையில் எடுத்தார்கள்.

சாயங்காலத்துக்குள் வரிசை முடிவாகிவிட்டது. முதல் இடம் தலைவருக்கு. அதை யாரும் கேட்கவுமில்லை, சொல்லவுமில்லை. இரண்டாவது பழனி, மூன்றாவது அகரம். அப்படியே இறங்கி, எட்டாவது தொப்பம்பட்டி. ஒருவருடையதைப் பார்த்து முடித்துக் கையெழுத்து வைத்தால்தான் அடுத்தவருடையது திறக்க வேண்டும் என்றார்கள். இல்லாவிட்டால் நடுவே யாராவது புகுந்துவிடுவார்களாம்.

"அப்ப அவசரம்னா என்ன சார் செய்யறது?" என்று பாரூக் கேட்டான்.

"போன்ல சொல்லிக்கிறது. நம்மகிட்ட போனா இல்ல?" என்றார் பாண்டியராஜ்.

தொப்பம்பட்டி டாக்டர் ஆனந்தி சின்னப் பெண். ஆஸ்பத்திரியை விட்டுவிட்டு வர ஆளில்லாததால் ஸ்பீக்கர் போனில் இருந்தாள். "எட்டாவதுன்னாலும் பரவால்ல சார். வந்தாச் சரி" என்று அவள் சொன்னதும், "பாத்தீங்களா, பண்பு" என்று எல்லோரும் மெச்சினார்கள்.

பாரூக் "சரி சார்" என்றான். தப்பு என்று தெரிந்துதான் சொன்னான். போன் இருக்கிறதே என்று மனசுக்கு ஒரு சமாதானம். மறுநாள் சிவப்பை எடுத்துவிட்டு ஊர்களுக்கு எண் கொடுத்தான். அட்டவணையில் அந்த எண்கள் நிற்கும் பத்திக்கு ஒரு பெயர் வைக்க வேண்டியிருந்தது. 'மரியாதை' என்று வைத்தான். எந்த நிரலும் முதல் ஓட்டத்தில் ஒழுங்காக ஓடி அவன் பார்த்ததில்லை. இது ஓடியது.

தொடக்க விழா ஒரு ஞாயிற்றுக்கிழமை, பைபாஸ் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில். வாசலில் ஆளுயரத்துக்கு மேல் பிளக்ஸ். சர்வரை மேடையில் கொண்டுவந்து வைத்து, சந்தனம் குங்குமம் இட்டு, மாலை போட்டு, காற்று போகிற ஓட்டையை அடைத்தபடி ரிப்பன் கட்டியிருந்தார்கள். பக்கத்தில் குத்துவிளக்கு. எண்ணெய் எந்தப் பக்கம் வழியும் என்று பார்த்துக்கொண்டே பாரூக் மேடைக்குக் கீழே ஓர் ஓரத்தில், தன் மேஜையில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தான்.

சிறப்பு விருந்தினர் ஒரு முன்னாள் துணைவேந்தர். ரிப்பன் வெட்டியதும் தலைவர் தன் போனை எடுத்து உயர்த்திக் காட்டி, 'இதய நண்பர்கள்' குரூப்பை எல்லோர் முன்னிலும் கலைத்தார். "இனி எல்லாம் தளம் வழியேதான்!" கைதட்டல்.

அடுத்த நிகழ்ச்சிக்கு 'இதயங்களின் சங்கமம்' என்று பெயர். அன்று காலையில் மணமகள் அறையில் படுக்கவைத்து, வந்திருந்த ஏழு டாக்டர்களுக்கும் இ.சி.ஜி. எடுத்திருந்தார்கள். அது மரியாதை வரிசைப்படி ஒவ்வொன்றாகப் பெரிய திரையில் வரும். மேடையில் இருக்கும் கௌசல்யா பார்த்துக் கருத்துச் சொல்வார். சொன்னதும் அந்த இதயத்துக்கு உரியவருக்குப் பொன்னாடை. ஏழு பேருக்கும் ஒரு நோயும் இல்லை. ஆனந்தி அன்றைக்கும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் அங்கே ஆள் வருமாம்.

முதல் இதயம் திரையில் ஏறியது. பாண்டியராஜ் எழுந்து நின்று கைகூப்பினார்.

"நார்மல்" என்றார் கௌசல்யா.

மண்டபம் காத்திருந்தது. தலைவரும் கூப்பிய கையோடு காத்திருந்தார்.

"வயசுக்கு நல்லாவே இருக்கு" என்று சேர்த்துக்கொண்டார் கௌசல்யா.

"இருபது வயது வாலிபனின் இதயம்!" என்று தொகுப்பாளர் மைக்கில் முழங்கினார். துணைவேந்தர் பொன்னாடை போர்த்திவிட்டு, இந்த நேரத்தில் இரண்டு வார்த்தை சொல்ல ஆசைப்பட்டார். அவர் பேசி முடிக்கும்வரை தலைவரின் இதயம் பின்னால் திரையில் நிற்கட்டும், வீடியோவுக்கு நன்றாக இருக்கும் என்று தொகுப்பாளர் கௌசல்யாவிடம் குனிந்து சொன்னார். கையெழுத்துப் பொத்தானை நோக்கிப் போன கௌசல்யாவின் கை திரும்பி மடிக்கு வந்தது.

அப்போதுதான் பாரூக்கின் போன் அதிர்ந்தது. ஆனந்தி.

"பாரூக்ண்ணே, ஒருத்தர் நெஞ்சுவலின்னு வந்திருக்காரு. வேர்த்து ஊத்துது. அனுப்பிட்டேன். எனக்கு முன்னால ஏழு பேருன்னு காட்டுது. மேடம் போனை எடுக்க மாட்டேங்கிறாங்க."

கௌசல்யாவின் போன் முன்வரிசை நாற்காலியில், கைப்பைக்குள் இருந்தது. மேடையில் இருப்பவர்கள் போனைக் கீழே வைத்துவிட வேண்டும் என்பது அன்றைய ஒழுங்கு.

"படம் எடுத்து எனக்கு அனுப்புங்க டாக்டர். நான் கொண்டுபோய்க் காட்டுறேன்."

"எடுத்தேண்ணே. மெஷின் ஸ்கிரீன்ல கண்ணாடி மின்னுது, கோடே தெரியல. தாள் வர்ற பழைய மெஷினைத்தான் நீங்க வாங்கிட்டுப் போயிட்டீங்களே."

பாரூக் எழுந்தான். மேடைக்குப் பக்கவாட்டுப் படியேறிப் போய்த் தலைவரின் காதருகே குனிந்தான். பாண்டியராஜ் கேமராவைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு மாறாமல் கேட்டார்.

"எத்தனாவது?"

"எட்டாவது சார். தொப்பம்பட்டி."

"வரும்ல. செத்த பொறு."

"நெஞ்சுவலி சார். நெசமான நோயாளி."

"எனக்குத் தெரியாத நெஞ்சுவலியாப்பா? அந்தப் பொண்ணு மாத்திரை குடுத்திருக்கும். ஐயா பேசி முடிக்கட்டும். பாதியில படத்தை எடுத்தா அசிங்கமாயிரும்."

கௌசல்யா மேடையின் அந்தக் கோடியில் உட்கார்ந்திருந்தார். நடுவே மைக், மைக்கில் துணைவேந்தர், அவர் எதிரே வீடியோக்காரர். குறுக்கே நடந்து போனால் போகலாம். பாரூக் ஒரு கணம் நின்றான். சபையில் பேசிக்கொண்டிருப்பவருக்கு முன்னால் குறுக்கே நடக்கக்கூடாது என்று சின்ன வயசிலிருந்து அவன் காலுக்குப் பழக்கியிருந்தார்கள். கால் வந்த வழியே திரும்பி இறங்கியது.

துணைவேந்தர் தேனீக்களைப் பற்றிப் பேசினார். தேனீக்கு அலுவலகம் இல்லை, ஆனால் ஒத்துழைப்பு இருக்கிறது என்றார். ஜப்பானில் ஒரு பேராசிரியர் இதைப் பற்றித் தம்மிடம் நேரிலேயே ஆச்சரியப்பட்டதாகச் சொன்னார். பிறகு அந்தப் பேராசிரியரின் வீட்டுச் சாப்பாட்டைப் பற்றிச் சொன்னார்.

மறுபடியும் போன். இந்தத் தடவை ஆனந்தியின் குரல் சின்னதாகிவிட்டிருந்தது.

"அண்ணே, பிரஷர் எறங்குது. ஆம்புலன்ஸ் வேற கேஸுக்குப் போயிருக்காம், வந்துட்டு இருக்கு. ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசி கையில வச்சிருக்கேன். எனக்குச் சந்தேகமா இருக்கு. மாரடைப்பு இல்லாம இதைப் போட்டா தலைக்குள்ள ரத்தம் கசிஞ்சாலும் கசிஞ்சிரும். மேடம் ஒரு பார்வை பார்த்தாப் போதும்."

அவளுக்குப் பின்னால் ஒரு பெண் குரல் கேட்டது: "இன்னும் எத்தனை பேருங்க டாக்டரம்மா?"

ஆனந்தி போனை வாயிலிருந்து நகர்த்திச் சொன்னதும் அவன் காதில் விழுந்தது. "ஏழு பேரும்மா."

இன்னும் ஏழு. முதல் ஆளே முடியவில்லை.

பாரூக் லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்தான். பாஸ்வேர்டை அடித்தான். 'மரியாதை' என்ற பத்தியைத் திறந்து, எட்டு என்று இருந்த இடத்தில் பூஜ்யம் போட்டான். வரிசையை மாற்றுவது உறுதிதானா என்று நிரல் கேட்டது. அதை அவன்தான் எழுதியிருந்தான். ஆமாம் என்று தட்டினான்.

துணைவேந்தரின் தலைக்குப் பின்னால் தலைவரின் இதயம் மறைந்தது. அதற்குப் பதிலாக இன்னொன்று வந்தது. ஒழுங்கில்லாமல், முதுகு வளைந்த கோடுகள். மேலே: 'தொப்பம்பட்டி. வீரன். வயது 46.'

மண்டபம் சலசலத்தது. கௌசல்யா திரும்பிப் பார்த்தார். கழுத்திலிருந்த மாலையைக் கழற்றி நாற்காலியில் போட்டார். வீடியோவுக்குக் குறுக்கே, துணைவேந்தருக்குக் குறுக்கே நேராக நடந்துவந்து மேடை விளிம்பில் குனிந்து கையை நீட்டினார்.

"போனைக் குடு."

கொடுத்தான்.

"ஆனந்தி, போடு. யோசிக்காத, இப்பவே போடு. நான் லைன்ல இருக்கேன்."

பக்கத்தில் மைக் இருந்ததால் அது மண்டபம் முழுக்கக் கேட்டது. தொகுப்பாளர் சமயோசிதமான ஆள். "இதோ, நம் தளத்தின் நேரடிச் செயல்விளக்கம்!" என்றார். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. தலைவரும் சுதாரித்துக்கொண்டு எல்லோரையும்விட பலமாகத் தட்டினார். துணைவேந்தர், தேனீ என்று தாம் சொன்னது இதைத்தான் என்றார்.

கைதட்டாமல் எழுந்தவர் ஒருவர்தான். "ரெண்டாவது நானுங்க" என்று பழனி டாக்டர் விக்னேஷ்குமார் யாரிடமும் இல்லாமல் சொன்னார். சொல்லிவிட்டுப் பக்கத்துக் கதவு வழியே வெளியேறினார்.

அவர் கோபத்தோடு காரை எடுத்தது உண்மை. ஒட்டன்சத்திரம் தாண்டும்போது அவருடைய ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்திருக்கிறது. தொப்பம்பட்டியிலிருந்து ஊசி போட்ட நோயாளி ஒருவரை ஆம்புலன்ஸில் கொண்டுவருகிறார்கள் என்று. நோயாளி வருவதற்குள் அவர் ஆஸ்பத்திரியை எட்டிவிட்டார். இருட்டுகிறவரை சாப்பிடாமல் வீரனின் கட்டில் பக்கத்திலேயே நின்றாராம். நர்ஸ்கள் சொன்னார்கள்.

மறுநாள் பேப்பரில், தொடக்க நாளிலேயே உயிர் காத்த மெய்நிகர் அமைப்பு என்று செய்தி வந்தது. படத்தில் தலைவர் கைதட்டிக்கொண்டிருந்தார்.

சில நாள் கழித்து விக்னேஷ்குமாரே பாரூக்கைக் கூப்பிட்டார்.

"பொழச்சுட்டாருங்க. வீட்டுக்கு அனுப்பிட்டேன்."

"அல்ஹம்துலில்லாஹ். ரொம்ப சந்தோஷம் சார்."

"இருங்க, முழுசாக் கேளுங்க. இதயத்துல கீழ்ப்பக்கம் ஒரு துண்டு செத்துப்போச்சு. அது இனி வராது. அவரு தோப்புல தேங்கா உரிக்கிறவருங்க. இனிமே அந்த வேலை ஆகாது. குடத்துல தண்ணி தூக்கறதே சிரமம்தான்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஊசி கொஞ்சம் முந்திப் போயிருந்தா அந்தத் துண்டும் நின்னிருக்கும்."

பாரூக் போனை மறு காதுக்கு மாற்றினான்.

"அது வேறங்க" என்றார் டாக்டர், குரல் மாறி. "நீங்க வரிசைய மாத்துனது வேற. அதுக்குக் கூட்டத்துல பதில் சொல்லோணும்."

கொஞ்சம் முந்தி என்றால் எவ்வளவு என்று டாக்டர் சொல்லவில்லை. பாரூக்குக்குத் தெரியும். படியேறிப் போய் இறங்கி வந்ததிலிருந்து பாஸ்வேர்டு அடித்தது வரை. அதாவது தேனீயிலிருந்து ஜப்பான் சாப்பாடு வரை. அந்தப் பேச்சு அவனுக்கு ஒரு சொல் விடாமல் மனப்பாடமாக இருந்தது. தொழுகையில் நிற்கும்போதும் நடுவில் வந்தது. ஒரு ராத்திரி சோறு பிசைந்தபடியே உட்கார்ந்திருந்தவனிடம் நஸீரா, "என்ன ஓடுது மண்டைக்குள்ள?" என்று கேட்டாள். "தேனீ" என்றான். தட்டை மட்டும் எடுத்துக்கொண்டு போனாள்.

கூட்டம் வீடியோவில் நடந்தது. மெய்நிகர் கூட்டமைப்பு மெய்நிகராகக் கூடிய முதல் கூட்டம் அதுதான். யார் முதலில் பேசுகிறாரோ அவருடைய கட்டத்தைத் திரை மேலே கொண்டுபோய் வைத்ததால் முதல் கொஞ்ச நேரம் யாருமே பேசவில்லை. பிறகு தலைவர் தொண்டையைச் செருமி முதல் கட்டத்துக்குப் போனார்.

"பாரூக் நல்ல பையன். அதுல யாருக்கும் மாத்துக் கருத்து இல்ல. ஆனா சபையில, சிறப்பு விருந்தினர் முன்னால, நாம கூடிப் பேசி வச்ச வரிசைய ஒரு ஆளு தன் இஷ்டத்துக்கு மாத்துறதுன்னா..."

"மாத்தலேன்னா அந்த ஆளு செத்திருப்பான்" என்றார் கௌசல்யா. "உங்க இதயத்தை நான் எம்புட்டு நேரம் பாக்குறது டாக்டர்? அதுல பாக்க ஒண்ணும் இல்ல."

"யாரும் இல்லேங்கல மேடம். ஒரு முறைன்னு இருக்குல்ல."

அகரம் டாக்டர் சுருளிவேல், "எங்க பெரியப்பா காலத்துல ஒரு தடவை தேர் வடத்தை..." என்று ஆரம்பித்தார். நல்லவேளையாக அவருடைய இணைப்பு துண்டித்துப் போனது.

பாரூக் பேசினான். தன் குரல் இவ்வளவு நிதானமாக வந்தது அவனுக்கே புதிதாக இருந்தது.

"திரையில மேல ஒரு பட்டை போட்டுத் தாரேன் சார். எட்டு ஊர்ப் பேரும் நீங்க சொன்ன வரிசையில தங்க எழுத்துல இருக்கும். எந்தக் காலத்துலயும் மாறாது. கீழ நோயாளிக வரிசை. அதுல செவப்பு மேல வரும். அந்தக் கீழ்ப் பக்கத்துல நான் இனிமே யாரு சொன்னாலும் கை வைக்க மாட்டேன். இது சரிப்படாதுன்னா பாஸ்வேர்டை வேற ஆளுகிட்ட குடுத்துட்டு வெலகிக்கிறேன்."

யார் வீட்டிலோ குக்கர் விசிலடித்தது.

"பட்டை எவ்வளவு அகலமுங்க?" என்று கேட்டார் விக்னேஷ்குமார்.

"நல்ல அகலம் சார்."

"எழுத்து, கல்வெட்டுல இருக்கற மாதிரியே இருக்கோணும்."

"அப்படியே போட்டுறலாம் சார்."

"கீழ என்னமோ சொன்னியே, அது தொழில்நுட்ப விஷயம். அதை நீயே பாத்துக்க" என்றார் தலைவர்.

ஒருமனதாக நிறைவேறியது. ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. எல்லோரும் போன பிறகு பாரூக் இருண்ட திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான். இந்தப் பட்டை அன்றைக்கே அவன் மூளையில் வந்திருக்கலாம். கேசரி ஆறுவதற்குள் முடிந்திருக்கும். அன்றைக்கு அவன் யோசிக்கவே இல்லை. சரி சார் என்றான், அவ்வளவுதான்.

மாசக் கடைசியில் தொப்பம்பட்டியில் இணைப்பு விட்டு விட்டு வருகிறது என்று ஆனந்தி சொன்னாள். பாரூக் பைக்கில் போனான். இரண்டு அறை, ஒரு வேப்பமரம், மரத்தடியில் ஒரு சிமென்ட் பெஞ்சு. பெஞ்சில் ஒரு மெலிந்த ஆள் முதுகைச் சாய்க்காமல் நேராக உட்கார்ந்திருந்தார். உள்ளங்கைகள் இரண்டும் முழங்காலின் மேல் மல்லாந்து கிடந்தன. பெரிய கைகள். உடம்புக்குச் சம்பந்தமில்லாத அளவுக்குப் பெரியவை.

"வீரன்" என்று ஆனந்தி மெதுவாகச் சொன்னாள். "செக்கப்புக்கு வந்திருக்காரு."

பாரூக் ஒயரைப் பார்க்கிற சாக்கில் உள்ளே போய்விட்டான். ஸ்டூலில் ஏறிச் சுவரோரம் கேபிளை மாட்டிக்கொண்டிருந்தபோது வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். அன்றைக்குப் போனில் கேட்ட குரல் என்று அவள் வாயைத் திறந்ததுமே தெரிந்துபோயிற்று.

"நீங்கதானுங்களா தம்பி அந்தக் கம்ப்யூட்டர்க்காரரு?"

"ஆமாம்மா."

"நான் சோலையம்மாளுங்க. அவரு சம்சாரம். அன்னிக்கு எங்களை முன்னால தள்ளிவிட்டது நீங்கதான்னு டாக்டரம்மா சொன்னாங்க." அவள் கைகூப்பவில்லை. ஏதோ கேட்க வந்தவள் போல முந்தானை நுனியைச் சுருட்டிக்கொண்டு நின்றாள். "உங்ககிட்ட ஒண்ணு கேக்கோணும்னு இருந்தனுங்க."

பாரூக் ஸ்டூலிலிருந்து இறங்கினான்.

"எங்களுக்கு முன்னால ஏழு பேரு காத்துட்டு இருந்தாங்களாமா. நாங்க பொறவால வந்து அவிகளைத் தாண்டிப் போயிட்டமுங்க. அதையே நெனச்சுட்டு இருக்கறனுங்க. அவிக வீட்லயும் என்னையாட்டம் ஒருத்தி வாசல்ல நின்னிருப்பா." முந்தானை நுனியை விட்டாள். "அந்த ஏழு பேருக்கும் எப்படீங்க இருக்குது?"

வெளியே ஒரு டவுன் பஸ் போனது. அதன் சத்தம் தேய்ந்து முடியட்டும் என்று பாரூக் காத்திருந்தான். முடிந்துவிட்டது.

"நல்லா இருக்காங்கம்மா."

"ஏழு பேருமுங்களா?"

"ஏழு பேரும்."

"ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆவலயே?"

"இல்லம்மா. ஒருத்தருக்கும் ஒண்ணும் இல்ல."

சோலையம்மாள் மூச்சை விட்டாள். முகத்திலிருந்து ஏதோ பாரம் இறங்கியது. "முருகா" என்று பழனி இருக்கிற திசைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அந்தப் பக்கம் மருந்து அலமாரிதான் இருந்தது. பிறகு இவன் பக்கம் திரும்பினாள்.

"வெள்ளிக்கிழமை மலைக்குப் போறனுங்க. அவருக்கு ஒரு அர்ச்சனை வெக்கறப்ப அவிகளுக்கும் சேர்த்து வெச்சர்றேன். நட்சத்திரம் தெரியாட்டிப் பரவால்லீங்க, பேரு மட்டும் சொன்னாப் போதும். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. சொல்லுங்க, மனசுல வெச்சுக்கறேன்."

பாரூக் ஆனந்தியைத் தேடினான். அவள் அறைக்குள் வீரனின் கையில் பிரஷர் பட்டையைச் சுற்றிக்கொண்டிருந்தாள். காற்று ஏறும் சத்தம் மட்டும் வந்தது. சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் நாக்கு வரைக்கும் வந்தது. அந்த அம்மாளின் முகத்தைப் பார்த்தான். அதில் இருந்த நிம்மதியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் எதை வைப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை.

"பாண்டியராஜ்" என்றான்.

"பாண்டியராஜ்" என்று அவள் கண்ணை மூடிக்கொண்டு, மறந்துவிடாமல் இருக்க இரண்டு தடவை வாய்க்குள் சொல்லிக்கொண்டாள்.

"அப்பறமுங்க?"